போகிக்கு முதல் நாள் இரவு

மார்கழி மாதம் பாதி கழிந்துவிட்டால் நம் ஊர்க் குடும்பத் தலைவர்களின் மனத்தில் ஒருவிதக் கலக்கம் குடிகொள்கிறது. குளிருக்குப் பயந்தல்ல, திருத்தணியில் குளிர் அவ்வளவு பிரமாதமாக அடித்துவிடுவதில்லை. மலைப்படிகள் 365-க்கும் பூஜை நடத்தும் படித் திருவிழா முடிந்து, பஜனை கோஷ்டிகள் ஊர் திரும்பியவுடன், அடுத்தாற்போல் வந்து நிற்பது போகிப் பண்டிகை. பரண்மேல் ஏற வேண்டும். ஒட்டடை அடிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, 'இது வேண்டுமா, வேண்டாமா?' என்ற கேள்விக்கு நூறு தடவை பதில் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைக் கேள்வி கேட்டே பழகிய நமக்கு, வீட்டில் கேள்விகளுக்குப் பதில் சொல்லுவது சற்றுச் சிரமமான காரியமே.

சென்ற போகிக்கு முதல் நாள் இரவு நம் இல்லக்கிழத்தி பரணிலிருந்து ஒரு தகரப் பெட்டியை இறக்கி, கூடத்தின் நடுவில் வைத்தாள். காலஞ்சென்ற நம் தகப்பனாரின் பெட்டி அது.

"இங்கே பாருங்கள். இதை நாளைக்கு வெளியே போட்டுவிடலாமா? பூட்டு துருப்பிடித்துக் கிடக்கிறது; சாவி எங்கே என்று தெரியவில்லை. ஒவ்வொரு வருஷமும் நானும் இதை இறக்கி இறக்கி ஏற்றுகிறேன்" என்றாள்.

நியாயமான பேச்சுத்தான். ஆயினும் திறந்து பாராமல் எறிவது முறையல்ல என்று தோன்றவே, ஒரு திருப்புளியைக் கொண்டு பூட்டை நெம்பினோம். உள்ளே ஒரு மைக்கூடு, கட்டைப் பேனா, மூக்குக் கண்ணாடிக் கூடு, கம்பியில் கோத்த கடிதங்கள், ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்தபோது பிடித்த ஒரு புகைப்படம் ஆகியவை இருந்தன. அடியில் பழுப்பேறிய இரண்டு நோட்டுப் புத்தகங்கள். ஒன்றின் அட்டையில் '2' என்றும், மற்றதில் '4' என்றும் மையினால் எழுதியிருந்தது. உட்பக்கத்தில் 1959 என்று வருஷம் கண்டிருந்தது.

நம் தகப்பனார் நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் குமாஸ்தாவாக இருந்தவர். கணக்குப் புத்தகத்தைத் தவிர வேறொன்றும் எழுதியவர் என்று நாம் அறியோம். ஆனால் இந்த நோட்டுகளில் இருந்தது கணக்கல்ல, ஒரு கதை. கிருத்திகைக் கூட்டத்தில் தங்கையைத் தொலைத்துவிட்ட ஒரு பையன், மலைப்படிகளில் ஏறியும் இறங்கியும் அவளைத் தேடுகிறான். எழுதியபோது நம் தகப்பனாருக்கு வயது 14. இடையிடையே சொல்லுக்குத் தட்டுப்பாடு வந்த இடங்களில் தெலுங்கு எழுத்தில் இரண்டொரு வார்த்தை எழுதி, பிறகு அதை அடித்துவிட்டுத் தமிழில் போட்டிருக்கிறார். இரண்டாம் நோட்டு, பையன் பாதிப் படியில் நிற்கும்போது தொடங்கியது. நான்காம் நோட்டில் தங்கை கிடைத்துவிட்டாள். அவள் எப்படித் தொலைந்தாள் என்பது முதல் நோட்டில் இருந்திருக்க வேண்டும். எப்படிக் கிடைத்தாள் என்பது மூன்றாம் நோட்டில்.

"ஒன்றும் மூன்றும் எங்கே?" என்று கேட்டாள் நம் பெண்.

அந்தக் கேள்விக்குப் பதில் நமக்கு நன்றாகத் தெரியும். நான்கு வருஷங்களுக்கு முன் வீட்டுக்கு வெள்ளையடித்தபோது, பரணில் கிடந்த பழைய காகிதங்களைக் கட்டிப் பழைய பேப்பர்க் கடையில் போட்டவர் வேறு யாருமல்ல, நாமே. பதினாறு கிலோ நிறுத்தது. கிலோ பத்து ரூபாய் வீதம் நூற்று அறுபது ரூபாய் கைக்கு வந்ததும், சற்றுப் பெருமையோடு வீடு திரும்பியதும் ஞாபகத்தில் இருக்கின்றன. கட்டைப் பிரித்துப் பார்க்கும் சிரமத்தை நாம் எடுத்துக்கொள்ளவில்லை. பிள்ளைகளின் விடைத்தாளில் ஒரு கால்புள்ளி தவறினாலும் சிவப்பு மையால் சுழிக்கும் உபாத்தியாயரின் யோக்கியதை இவ்வளவுதான்.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் மலைக் கோயிலின் விளக்குகள் தெரிந்தன. ஓர் எழுத்தாளனின் இளமைக் காலத்துக் காகிதங்கள் யார் கையில் இருக்கின்றன, அவை எப்படிப் பிழைக்கின்றன, எப்படி மடிகின்றன என்று யோசித்துக்கொண்டிருந்தோம். அந்த யோசனையை நேயர்களுடன் பங்கிட்டுக்கொள்வதே இந்த வாரத்து உத்தேசம்.

நம் ஊரிலிருந்தே தொடங்கலாம். திருத்தணியில் பிறந்து உலகப் பிரசித்தி பெற்ற எழுத்தாளர் ஒருவர் உண்டு: டாக்டர் ஸர்வபள்ளி ராதாகிருஷ்ணன். அவரை ராஷ்டிரபதி என்றே பலரும் நினைவு கூர்கிறார்கள். ஆனால் அந்தப் பதவியை அவர் ஏற்ற 1962-ம் வருஷத்துக்கு வெகு காலம் முன்பே, இந்தியத் தத்துவத்தை உலகுக்கு எடுத்துச் சொன்ன நூல்களால் புகழ் பெற்றவர் அவர். ஜமீன் உத்தியோகத்தில் சொற்பச் சம்பளம் பெற்ற வீராசாமி என்பவரின் பிள்ளை. ஆரம்பப் படிப்பு நம் ஊரில், 1896-ல் திருப்பதி மிஷன் பள்ளிக்கூடம், பிறகு வேலூர், கடைசியில் சென்னைக் கிறிஸ்துவக் கல்லூரி.

அவர் தத்துவ சாஸ்திரத்தைப் பாடமாக எடுத்தது எப்படி என்பது பலருக்குத் தெரியாது. அந்தச் சாஸ்திரத்தின்மேல் இருந்த மோகத்தினால் அல்ல. உறவினர் ஒருவர் பட்டம் பெற்றுவிட்டுத் தம்முடைய பழைய தத்துவப் பாடப் புத்தகங்களை இவருக்குக் கொடுத்தார். புதுப் புத்தகம் வாங்கப் பணமில்லாத மாணவர், இனாமாகக் கிடைத்த புத்தகங்கள் எந்தப் பாடத்தைச் சேர்ந்தவையோ அந்தப் பாடத்தையே படித்தார்! வேதாந்தத்தின் ஒழுக்கவியலைப் பற்றி அந்த வகுப்புக்காக எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரை 1908-ல் புத்தகமாக வெளிவந்தபோது அவருக்கு வயது 20. அதன் பிறகு நடந்ததெல்லாம் சரித்திரம். அந்த உறவினர் தம் பழைய புத்தகங்களை எடைக்குப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நேயர்களின் ஊகத்துக்கே விட்டுவிடுகிறோம்.

இன்னொரு விஷயம். ராதாகிருஷ்ணனின் பிறந்த நாள் 1888-ம் ஆண்டு செப்டம்பர் 5-ந் தேதி என்பது பள்ளிக்கூடத்துக் குழந்தைக்கும் தெரியும். ஆசிரியர் தினமாக நாமெல்லாம் கொண்டாடும் நாளாயிற்றே! ஆனால் அவருடைய குமாரரும் சரித்திராசிரியருமான கோபால் 1989-ல் வெளியிட்ட வாழ்க்கை வரலாற்றில் ஓர் ஆச்சரியமான செய்தி இருக்கிறது. தாம் பிறந்தது 1887-ம் ஆண்டு செப்டம்பர் 20-ந் தேதி என்பதே ராதாகிருஷ்ணனின் சொந்த நம்பிக்கையாம். பெரிய மனிதர் ஒருவர் உயிரோடிருந்து தம் வாயால் சொன்னாலும், ஏட்டில் ஏறிவிட்ட தேதியே ஊர் முழுவதும் கொண்டாடும் தேதியாகிவிடுகிறது. ஒரு துண்டுக் காகிதத்துக்கு இருக்கும் அதிகாரம் அவ்வளவு! பிறந்த வீட்டில் ஒரு ஜாதகக் குறிப்போ, பஞ்சாங்கத்தின் ஓரத்தில் ஒரு வரியோ இருந்தால்தான் அந்த அதிகாரத்தை எதிர்த்து நிற்க முடியும்.

நம் ஊர்க் காகிதங்களுக்கு மற்ற ஊர்களில் இல்லாத விசேஷம் ஒன்றும் உண்டு. ஒரே வீடு, ஒரே திண்ணை. ஆனால் அந்த வீட்டுக்கு வந்த கடிதங்களின் விலாசத்தைப் பாருங்கள். ராதாகிருஷ்ணன் பிறந்த காலத்தில் திருத்தணி வட ஆர்க்காடு ஜில்லாவைச் சேர்ந்தது. 1911-ல் சித்தூர் ஜில்லா ஏற்பட்டதும் அதில் சேர்ந்தது. 1953-ல் ஆந்திர ராஜ்யம் பிரிந்தபோது அதனோடு போயிற்று. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் முன்னின்று நடத்திய எல்லைப் போராட்டத்தின் பயனாக, 1960-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி சென்னை ராஜ்யத்துக்குத் திரும்பிச் செங்கற்பட்டு ஜில்லாவில் இடம் பெற்றது. 1997 முதல் திருவள்ளூர் மாவட்டம். வீடு ஓர் அங்குலமும் நகரவில்லை. விலாசம் மட்டும் ஊர் சுற்றிக்கொண்டிருந்தது. 1959-ல் ஆந்திர ராஜ்யத்துப் பையன் ஒருவன் தெலுங்கு வார்த்தையை அடித்துவிட்டுத் தமிழ் வார்த்தையை எழுதினான் என்றால், அந்த அடித்தலிலும் ஒரு சரித்திரம் இருக்கிறது. சர்க்கார் தஸ்தாவேஜுகளில் எல்லைக் கோடு கிடைக்கும். அந்தக் கோடு ஒரு பிள்ளையின் நோட்டுக்குள்ளே ஓடியதை அந்த நோட்டில்தான் பார்க்கலாம்.

காகிதங்களைக் காப்பாற்றியவர் என்று தமிழ்நாட்டில் யாரையாவது சொல்ல வேண்டுமானால், முதலில் மஹாமஹோபாத்தியாய சாமிநாதையரைத்தான் சொல்ல வேண்டும். சங்க நூல்களின் ஏட்டுச் சுவடிகளைத் தேடி அவர் ஊர் ஊராக அலைந்தது எல்லோருக்கும் தெரியும். கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் சுவடிகளைத் தேடிப் போனபோது, பழைய ஏடுகளை ஆகமப்படி நெய்யில் தோய்த்து ஹோமத்தில் போட்டுவிட்டார்கள் என்று கேட்டு அவர் மனம் பதைத்ததும் பிரசித்தம். போகியை நினைக்கும்போதெல்லாம் நமக்கு அந்தச் சம்பவம் ஞாபகத்துக்கு வருகிறது. எரித்தவர்கள் கெட்ட எண்ணத்தினால் எரிக்கவில்லை. புண்ணிய காரியம் என்று நினைத்தே எரித்தார்கள். பழைய காகிதங்களுக்குப் பெரும்பாலும் பகைவர்களால் ஆபத்து வருவதில்லை. வீட்டைச் சுத்தமாக வைத்துக்கொள்ள விரும்பும் நல்லவர்களால்தான் வருகிறது.

பிறருடைய ஏடுகளைத் தேடிய ஐயரவர்கள் தம்முடைய காகிதங்களையும் விட்டுவிடவில்லை. தமக்கு வந்த கடிதங்களை வாலிப வயதிலிருந்தே பத்திரப்படுத்தி வைத்தார். 1877 முதல் 1900 வரை அவருக்கு வந்த கடிதங்கள் ஒரு பெரிய தொகுதியாக 2018-ல் அச்சேறியிருக்கின்றன. 1877-ல் அவருக்கு வயது 22. அப்போது அவர் மஹாமஹோபாத்தியாயரும் அல்ல, கல்லூரி ஆசிரியரும் அல்ல. ஆசிரியரான மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களை முந்திய வருஷம் பறிகொடுத்துவிட்டு நின்ற ஓர் இளைஞர். பிற்காலத்தில் உலகம் தம்மைப் போற்றப் போகிறது என்று எண்ணியா அவர் கடிதங்களை எடுத்து வைத்திருப்பார்? எழுதியவரிடம் மரியாதை இருந்தது. ஆகையால் எழுத்தையும் மதித்தார் என்றே நமக்குத் தோன்றுகிறது. 1940 முதல் 1942 வரை வாரப் பத்திரிகையில் அவர் தம் சரித்திரத்தை எழுதியபோது, எழுபது வருஷத்துக்கு முந்திய விஷயங்களும் நேற்று நடந்தவைபோல் வந்து விழுந்தன. ஞாபக சக்தி ஒரு பக்கம். அந்த ஞாபக சக்திக்கு ஊன்றுகோலாகப் பெட்டியில் இருந்த காகிதங்கள் மற்றொரு பக்கம்.

அந்தச் சரித்திரத்திலிருந்து குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு சிறு விஷயம் உண்டு. ஐயரவர்களுக்குப் பெற்றோர் இட்ட பெயர் வேங்கடராமன். வீட்டில் அழைத்த பெயர் சாமிநாதன். அதுவும் சுருங்கிச் சாமா என்று ஆயிற்று. பிள்ளையவர்கள் 'சாமிநாதன்' என்று அழைக்கத் தொடங்கிய பிறகே அந்தப் பெயர் நிலைத்தது. எழுத்தாளர்களின் இளமைக் காகிதங்களில் இருக்கும் கஷ்டம் இதுதான். எழுதியபோது அவருக்கு வீட்டுப் பெயர். உலகம் அறிந்ததோ வேறு பெயர். வேங்கடராமன் என்ற பெயரில் ஒரு பரண்மேல் ஓர் ஓலை கிடந்தால், அது யாருடையது என்று அந்த வீட்டார் மட்டுமே சொல்லுவார்கள். அவர்களும் எழுதி வையாமல் போய்விட்டால், ஓலை இருந்தும் இல்லாத கணக்குத்தான். எட்டயபுரத்தில் சுப்பையா என்று அழைக்கப்பட்ட பையன் பாரதியான கதையும் அப்படியே.

பாரதியாரின் இளமையைப் பற்றிச் சொல்லும்போது 1897-ம் ஆண்டு ஜனவரி மாதத்தை மறக்கக் கூடாது. 14 வயது நிறைந்திருந்த அந்தப் பிள்ளை, தன் படிப்புக்கு உதவி செய்யுமாறு எட்டயபுரம் ஜமீன்தாருக்குப் பாட்டாகவே ஒரு விண்ணப்பம் எழுதினான். அவருடைய எழுத்துக்களில் இன்று நமக்குக் கிடைப்பவற்றுள் மிகவும் முந்தியவற்றில் ஒன்று அது. கவிதை செய்ய வேண்டும் என்று உட்கார்ந்து எழுதியதல்ல. பள்ளிச் சம்பளத்துக்கு வழி தேடி எழுதியது. அடுத்த வருஷமே தகப்பனார் சின்னசாமி ஐயர் காலமாகிவிட, பிள்ளை காசிக்குப் போய்ச் சேர்ந்தான். காசியிலிருந்து இளம் மனைவி செல்லம்மாவுக்கு 1901-ல் எழுதிய கடிதம் ஒன்றும் நமக்குக் கிடைத்திருக்கிறது. உதவி கேட்டு எழுதிய ஒரு மனு, மனைவிக்கு எழுதிய ஒரு கடிதம்: எந்த வீட்டிலும் இப்படிப்பட்ட காகிதங்கள் உண்டு. ரா. அ. பத்மநாபன் வருஷக்கணக்காக அலைந்து, பாரதியாரைச் சேர்ந்த படங்களையும் கடிதங்களையும் குறிப்புகளையும் தேடிச் சேர்த்து, 1957-ல் 'சித்திர பாரதி' என்ற நூலாக வெளியிட்டார். பாரதியாரின் புகைப்படங்களாக நம்மிடம் இருப்பவை ஒரு கைவிரல்களில் எண்ணிவிடக் கூடியவை. குழந்தைப் பருவத்துப் படம் ஒன்றுகூட அவற்றில் இல்லை.

கடல் கடந்த தேசம் ஒன்றிலும் ஒரு 14 வயதுப் பிள்ளையின் எழுத்து உண்டு. இங்கிலாந்தின் வடக்கே ஹவொர்த் என்ற கிராமத்தில், ஒரு பாதிரியாரின் வீட்டில் தாயற்ற குழந்தைகள் நால்வர் இருந்தார்கள். தகப்பனார் மகனுக்கு 1826-ல் ஒரு பெட்டி மரச் சிப்பாய்களை வாங்கி வந்தார். அந்தச் சிப்பாய்கள் படிப்பதற்கென்று குழந்தைகள் சின்னஞ்சிறு பத்திரிகைகளைத் தயாரித்தார்கள். நெருப்புப் பெட்டியை விடச் சிறிய பக்கங்கள். எறும்பு ஊர்வதுபோல் எழுத்துக்கள். புதுக் காகிதம் கிடைக்காதபோது சர்க்கரை பொட்டலம் கட்டி வந்த காகிதத்தையே அட்டையாக வைத்துத் தைத்தார்கள். அந்தக் குழந்தைகளில் ஒருத்திதான் பிற்காலத்தில் 'ஜேன் அயர்' எழுதிய ஷார்லட் பிராண்டி. 1830-ல் அவள் செய்த அத்தகைய பத்திரிகை ஒன்று 2019-ல் பாரிஸ் நகரத்தில் ஏலத்துக்கு வந்தது. அவர்களுடைய வீட்டையே காட்சிச் சாலையாக நடத்தும் சங்கத்தார் அதை ஆறு லட்சம் யூரோ கொடுத்து வாங்கி, எழுதப்பட்ட வீட்டுக்கே கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அங்கே பொட்டலக் காகிதம் புத்தகமாயிற்று. நம் வீட்டிலோ புத்தகம் பொட்டலக் காகிதமாயிற்று. இதற்கு மேல் அந்த ஒப்புமையை நீட்டுவதற்கு நமக்குத் தைரியம் இல்லை.

"ஐயா, எல்லா வீட்டிலும் பாரதியும் ராதாகிருஷ்ணனுமா பிறக்கிறார்கள்? இரண்டு அறை வீட்டில் பெட்டி பெட்டியாகக் காகிதத்தை எங்கே வைப்பது?" என்று நேயர் ஒருவர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் எந்த வீட்டில் பிறப்பார்கள் என்று முன்கூட்டித் தெரிவதில்லை என்பதுதான் இதில் உள்ள சங்கடம். பேரெடுத்த பிறகு எழுதுவதையெல்லாம் காப்பாற்றப் பதிப்பாளரும் சர்வகலாசாலையும் இருக்கிறார்கள். பேரெடுப்பதற்கு முந்திய இருபது வருஷங்களுக்குப் பொறுப்பாளி அந்த வீட்டுத் தாயும் தகப்பனும், அக்காளும் மனைவியுமே.

மேலும், பேரெடுக்காதவர்களின் காகிதமும் பயனற்றதல்ல. செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒருவர் இருந்தார். விளம்பரப் பலகை எழுதும் தொழிலினர். புத்தகங்களோடு நில்லாமல் கல்யாணப் பத்திரிகை, நாடக நோட்டீஸ், கடிதம் என்று பிறர் எறிந்தவற்றையெல்லாம் சேகரித்தார். 1992-ல் அவர் காலமான பிறகு சிக்காகோ சர்வகலாசாலையார் அந்தச் சேகரத்தை வாங்கினர். அதை ஆதாரமாகக் கொண்டு 1994-ல் சென்னையில் அவர் பெயராலேயே ஆராய்ச்சி நூலகம் ஏற்பட்டது. நம் பாட்டனார் காலத்துக் கல்யாணம் எத்தனை நாள் நடந்தது, நாடகத்துக்கு டிக்கெட் என்ன விலை என்று அறிய விரும்பும் பண்டிதர்கள் இன்று அங்கேதான் போகிறார்கள்.

இடப் பிரச்னைக்கு நம் யோசனை இது. ஆளுக்கு ஒரு பெட்டி. அதற்கு மேல் வேண்டாம். பிள்ளை முதன்முதலில் தானாக எழுதிய கதை, அல்லது பாட்டு; வாத்தியார் எழுதச் சொன்னதல்ல, தானாக எழுதியது. அவனுக்கு வந்த கடிதங்களில் சில. பெயரெழுதி ஓரத்தில் கிறுக்கி வைத்த புத்தகம் ஒன்று. ஒரு நல்ல புகைப்படம். பள்ளிச் சான்றிதழ். இவ்வளவு போதும். நூறு பரீட்சைத் தாள்கள் வேண்டாம். பரீட்சைத் தாளைத் திருத்துகிற நாமே சொல்லுகிறோம்.

வைக்கும் முறையும் கடினமானதல்ல. குண்டூசியையும் கிளிப்பையும் எடுத்துவிட வேண்டும். அவை துருப்பிடித்துக் காகிதத்தைத் தின்றுவிடும். கிழிந்த இடத்தில் ஒட்டு டேப்பை ஒட்டவே கூடாது. சில வருஷத்தில் அதன் பசை மஞ்சளித்து எழுத்தையும் கெடுத்துவிடும். பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டினால் உள்ளே ஈரம் தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். சுத்தமான பருத்தித் துணியில் சுற்றி வைத்தால் போதும். வேப்பிலையும் வசம்பும் நம் முன்னோர் ஏடுகளுக்கு இட்டவை, பழுதில்லை. பெட்டியைத் தரையிலும் சுவரோரத்திலும் வைத்தால் செல் அரிக்கும். முக்கியமாக, புகைப்படத்தின் பின்புறத்தில் ஓரமாக, அழுத்தாமல் பென்ஸிலால், இருப்பவர்களின் பெயரையும் வருஷத்தையும் எழுதிவிடுங்கள். மை ஊறி முன்பக்கம் வந்துவிடும், பென்ஸில் வராது. வீட்டுப் பெயரையும் பள்ளிப் பெயரையும் இரண்டையும் எழுதுங்கள். சாமா யார் என்று பேரனுக்குத் தெரிய வேண்டாமா?

கைப்பேசியில் படம் பிடித்து வைத்தால் ஆகாதா என்பார்கள். ஆகும், அவசியம் பிடித்து வையுங்கள். வெளிச்சமான பகல் வேளையில், எழுத்து நிழலில்லாமல் தெரியும்படி பிடியுங்கள். இரண்டு இடங்களில் சேமியுங்கள். ஆனால் அதை நம்பிக் காகிதத்தை எறிந்துவிடாதீர்கள். 1959-ம் வருஷத்து நோட்டை நாம் ஒரு திருப்புளியினால் திறந்துவிட்டோம். இன்றைய கைப்பேசியை அறுபது வருஷம் கழித்து எந்தத் திருப்புளியினால் திறப்பது?

எல்லாவற்றையும் காப்பாற்ற வேண்டும் என்பதும் நம் கட்சியல்ல. தகப்பனாரின் கடிதக் கம்பியில் ஒன்று, அவருடைய சிநேகிதர் தம் குடும்பக் கஷ்டத்தை விவரித்துக் கடன் கேட்டு எழுதியது. எழுதியவர் இப்போது இல்லை. அவருடைய மக்கள் கௌரவமாக வாழ்கிறார்கள். தகப்பனார் அந்தக் கடனைக் கொடுத்தாரா, அது திரும்பி வந்ததா என்பதெல்லாம் நமக்கு வேண்டாத விஷயம். பிறர் நம்பிச் சொன்ன இரகசியத்துக்கு நாம் வாரிசுகளல்லர். மறுநாள் அதிகாலையில் தெருவில் போகி மூட்டியபோது அந்தக் கடிதத்தை மட்டும் நம் கையாலேயே நெருப்பில் இட்டோம். அந்த வருஷப் போகிக்கு நம் வீட்டிலிருந்து போன காகிதம் அது ஒன்றுதான்.

பிறகு கூடத்தில் உட்கார்ந்து, பென்ஸிலைச் சீவிக்கொண்டு, பெட்டியில் இருப்பவற்றுக்கு ஒரு ஜாபிதா எழுதினோம். மைக்கூடு 1, பேனா 1, புகைப்படம் 1 என்று எழுதிக்கொண்டே வந்து, நோட்டுப் புத்தகங்களுக்கு வந்ததும் கை நின்றது. இரண்டு, நான்கு என்று மட்டும் எழுதினால், பின்னால் வருகிறவர்கள் தகப்பனாரே மற்றவற்றைத் தொலைத்துவிட்டார் என்றல்லவா நினைப்பார்கள்? ஆகவே, 'ஒன்று, மூன்று: மகனால் பழைய காகிதத்தோடு எடைக்குப் போடப்பட்டன. உள்ளே இருந்தது தெரியாது' என்று எழுதி, தேதியிட்டுக் கையெழுத்தும் போட்டோம்.

நம் பெண் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து அதைப் படித்தாள். ஒன்றும் சொல்லவில்லை. சற்று நேரம் கழித்து, "அந்தத் தங்கச்சி எப்படி அப்பா கிடைத்திருப்பாள்?" என்று கேட்டாள்.

தெரியாது என்று சொன்னோம். தெரிந்திருக்க வேண்டியவர் நாம்தான்.

இவ்வருஷப் போகிக்கும் அந்தப் பெட்டி பரணிலிருந்து இறங்கும். திறந்து, தூசி தட்டி, வேப்பிலையை மாற்றி, ஜாபிதாவோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு மறுபடியும் மேலே ஏறும். நேயர்களும் பரண்மேல் ஏறும்போது ஏணியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். கீழே இறக்கியதை எடைக்குப் போடுமுன் கட்டை மட்டும் ஒரு தரம் பிரித்துப் பாருங்கள்.